துணைக்குப் போனவர்கள்

உத்தரப்பிரதேச மாநிலம் பாக்பத் மாவட்டத்தில் ஜோஹ்ரி என்றொரு கிராமம். கரும்பு விளைகிற பூமி. வீட்டுப் பெண்கள் வெளி ஆண்களின் முன்னால் முக்காட்டை விலக்காத ஊர். 1990-களின் கடைசியில் அங்கே துப்பாக்கி சுடும் பயிற்சி மையம் ஒன்று வந்தது. சந்த்ரோ தோமரின் பேத்திக்கு அதில் சேர ஆசை. பையன்கள் நிறைந்த இடத்துக்குத் தனியாகப் போகக் கூச்சம். பாட்டி துணைக்குப் போனார். அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. அடுப்பு, மாட்டுத் தொழுவம், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்றே ஓடிய ஆயுள்.

பேத்திக்குத் துப்பாக்கியில் குண்டு ஏற்ற வரவில்லை. இங்கே கொடு என்று வாங்கிய பாட்டி குண்டை ஏற்றினார். ஏற்றிய கையோடு குறிபார்த்துச் சுட்டும் விட்டார். குண்டு இலக்கின் நடுவில் போய்ப் பாய்ந்தது. பயிற்சியாளர் ஃபாரூக் பட்டான், நீங்களும் வந்து பழகுங்கள் என்றார். பாட்டி உடனே 'சரி' என்றா சொல்லியிருப்பார்? வீட்டு ஆண்கள் என்ன சொல்வார்களோ என்ற பயம் இருந்தது. ஆனால் பேத்திக்குத் துணை வேண்டுமே! அதனால் மறுநாளும் போனார். அதற்கடுத்த வாரமும் போனார். இரவில் வீடு அடங்கிய பிறகு, நீர் நிரப்பிய ஜக்கைக் கையில் பிடித்து, கையை நேராக நீட்டி, அசையாமல் நின்று பழகினார். கைத்துப்பாக்கி சுடுகிறவருக்குத் தேவை ஆடாத மணிக்கட்டு. அதற்கு அந்த ஜக்கே போதுமாக இருந்தது.

விஷயம் வெளியே தெரிந்ததும் ஊர் சிரித்தது. கிழவி கார்கில் சண்டைக்குக் கிளம்பிவிட்டாள் என்று கேலி பேசினார்கள் என்பதை அவரே பின்னாளில் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். சில நாளில் அவருடைய ஓரகத்தி பிரகாஷி தோமரும் சேர்ந்துகொண்டார். இருவரும் முதியோர் பிரிவில் பதக்கங்களை வாரிக் குவித்தார்கள். பிரகாஷியின் மகள் சீமா தோமர் 2010-ல் இங்கிலாந்தின் டார்செட்டில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். 2019-ல் 'சாண்ட் கி ஆங்க்' என்ற இந்திப் படம் வந்தது. அறுபது வயதுப் பாட்டிகளாக அதில் நடித்தவர்கள் தாப்ஸி பன்னுவும் பூமி பெட்னேகரும். முப்பதை ஒட்டிய நடிகைகளுக்கு நரை பூசி நடிக்க வைத்தார்கள். எங்கள் வயது வேடத்தையாவது எங்களுக்கு விட்டுவைக்கக் கூடாதா என்று நடிகை நீனா குப்தா அப்போது வெளிப்படையாகவே கேட்டார். முதுமையில் துணிந்தவர்களைக் கொண்டாட வந்த படத்துக்கே முதியவரை நடிக்க வைக்கும் துணிச்சல் வரவில்லை.

சந்த்ரோ 2021 ஏப்ரலில் கொரோனாவில் இறந்தார். அவரைப் பற்றி வந்த அஞ்சலிகள் பெரும்பாலும் அவருடைய துணிச்சலைப் புகழ்ந்தன. எனக்கு அந்த முதல் நாள்தான் முக்கியமாகப் படுகிறது. அன்று அவர் எந்தத் துணிச்சலான முடிவையும் எடுக்கவில்லை. பேத்தியோடு போனார், அவ்வளவுதான்.

நம் வீடுகளில் அறுபது வயதுப் பெண்மணி ஒருவர் 'எனக்கு நீச்சல் கற்றுக்கொள்ள ஆசை' என்று சொல்லிப் பார்க்கட்டும். முதலில் ஒரு நொடி அமைதி. பிறகு சிரிப்பு. பிறகு 'இந்த வயசுல எதுக்கும்மா?' அதையே 'பேரன் தனியாப் போக மாட்டேங்கிறான், நானும் கூட இறங்குறேன்' என்று சொன்னால் ஒருவரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். தனக்காக ஆசைப்படுவதற்கு வயதானவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, நம் குடும்பங்களில் இடம் வைக்கவில்லை. பிறருக்காக என்றால் கதவு திறக்கும். அதனால் தைரியத்துக்கு முன்னால் ஒரு சாக்கு தேவைப்படுகிறது. நாட்டில் பேர் வாங்கிய பிந்திய தொடக்கங்களைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் பலவற்றுக்கும் அடியில் ஒரு சாக்கோ ஒரு துணையோ இருக்கிறது. மன் கௌர் 93 வயதில் ஓட ஆரம்பித்தது மகன் குர்தேவ் சிங் மைதானத்துக்குக் கூட்டிப்போனதால். 2017-ல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்த உலக மாஸ்டர்ஸ் போட்டியில், 101 வயதில், நூறு மீட்டரை 74 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். நூறு வயதைத் தாண்டியவர்கள் பிரிவில் ஓடியவர் அவர் ஒருவர் மட்டுமே. ஆனாலும் முழுத் தூரத்தையும் ஓடித்தான் முடித்தார்.

நாம் அறுபதை நடத்துகிற விதம் விசித்திரமானது. திருக்கடையூருக்குக் கூட்டிப்போய் மாலை மாற்றி, திரும்பவும் தாலி கட்டவைத்து, புதுமணத் தம்பதி போல உட்காரவைத்துப் படம் எடுக்கிறோம். என்றும் பதினாறாக இருக்க வரம் வாங்கிய மார்க்கண்டேயனின் தலம் அது. ஊர் திரும்பியதும் முதல் வேலையாக அவர்களை நாற்காலியில் உட்காரவைத்து 'இனி நீங்க ஒண்ணும் செய்ய வேணாம், ரெஸ்ட் எடுங்க' என்கிறோம். பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாசம் சொல்லாமல் சொல்வது, உங்கள் கதை முடிந்துவிட்டது என்பதை.

*

ஒருவருக்கு ஒருவர் துணை என்பது ஒரு அளவு. ஒரு மாவட்டமே தனக்குத் தானே துணையாக நின்றது இன்னொரு அளவு. புதுக்கோட்டைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுக்க ஊர் ஊராகத் தொண்டர்கள் போக வேண்டும். அவர்களில் பெண்கள் ஏராளம். பேருந்து அபூர்வமாக வரும் கிராமங்கள். சைக்கிள் ஓட்டத் தெரிந்தால் வேலை நடக்கும் என்ற சாதாரணத் தேவையிலிருந்துதான் சைக்கிள் பயிற்சி ஆரம்பித்தது. பிறகு கற்றுக்கொடுக்கிறவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வந்தவர்களும் கேட்டார்கள். விவசாயக் கூலிகள், கல் குவாரியில் வேலை செய்தவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராமச் செவிலியர்கள், பள்ளி ஆசிரியைகள் என்று எல்லோரும் வந்தார்கள். சைக்கிளுக்கென்றே அறிவொளிப் பாட்டு ஒன்று பிறந்தது. 1992 மகளிர் தினத்தன்று கைப்பிடியில் கொடி கட்டிய சுமார் 1,500 சைக்கிள்களில் பெண்கள் புதுக்கோட்டை வீதிகளில் போனார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் பின்னர் அங்கே போய் விவரமாக எழுதினார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் பழகியதாக அவர் பதிவுசெய்திருக்கிறார்.

எண்ணிக்கையைவிட எனக்குப் பிடித்த விவரம், அவர்கள் ஓட்டிய சைக்கிளைப் பற்றியது. லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்கவில்லை. அதனால் நடுவில் பார் உள்ள ஆண்கள் சைக்கிளிலேயே பழகினார்கள். புடவையோடு அதில் ஏறி இறங்குவது எவ்வளவு சிரமம் என்று யோசித்துப் பாருங்கள். சிறுவயதில் குரங்குப் பெடல் போட்டுப் பழகிய ஆண்களுக்கே நெஞ்சு படபடத்த வண்டி அது. ஆனால் பழகிய பிறகு அதையே வேண்டும் என்று கேட்டவர்களும் உண்டு. காரணம், அந்த பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம். பின்னால் தண்ணீர்க் குடம், கூடை, முன்னால் பிள்ளை. பெண்ணுக்கு ஆகாதது என்று சொல்லப்பட்ட வண்டி அவள் வேலைக்குத் தோதாகிவிட்டது.

அவர்கள் எப்படித் துணிந்தார்கள்? ஒருத்தி மட்டும் ஊர் நடுவே சைக்கிளிலிருந்து விழுந்தால் அது காலத்துக்கும் பேச்சு. பட்டப்பெயரே வைத்துவிடுவார்கள். நாற்பது பேர் ஒரே மைதானத்தில் விழுந்து எழுந்தால் யார் யாரைப் பார்த்துச் சிரிப்பது? கேலி இல்லாமல் இல்லை. வக்கிரமான பேச்சும் வந்தது. ஆனால் கேலி பேசுகிறவனுடைய சித்தியும் அண்ணியும் அதே மைதானத்தில் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டிருந்தால் அவன் குரல் தானாக இறங்கிவிடும். அரசு ஆட்சியர் வடிவில் பின்னால் நின்றது இன்னொரு பலம். 'கலெக்டரம்மாவே சொல்லிட்டாங்க' என்பதைவிட நல்ல சாக்கு வேறு எது?

இதிலும் ஒரு நெருடல் உண்டு. அறிவொளிக்குப் பின்னால் இருந்த, 1988-ல் தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கம் தன் இலக்காக வைத்தது 15 முதல் 35 வயது வரையுள்ளவர்களை. உழைக்கும் வயதில் இருப்பவர்களுக்கு முதலில் கொடுப்போம் என்பது திட்டம் போடுகிறவர்களின் நியாயம். ஆனால் முப்பத்தாறு வயதுக்காரியைக் கணக்கில் வராதவளாக்கியது அந்தக் கோடு. கிராமத்துத் திண்ணையில் லாந்தர் வெளிச்சத்தில் வகுப்பு நடந்தபோது வயதானவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். 'பேத்தியைக் கூட்டிட்டு வந்தேன்' என்பார்கள். 2022-ல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் 15 வயதுக்கு மேல் உச்சவரம்பு கிடையாது. தாமதமாகவாவது கோட்டை அழித்தார்களே.

*

1991 ஏப்ரல் 18 அன்று கோழிக்கோட்டில், கேரளம் முழு எழுத்தறிவு பெற்றுவிட்டதாக அறிவிக்கப்பட்டது. அறிவித்தவர் முதலமைச்சர் இல்லை. மலப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த, வயதான பிறகு எழுத்துப் படித்த சேலக்கோடன் ஆயிஷா. அரசு விழாக்களில் இப்படி அழகான காரியம் நடப்பது அபூர்வம்.

அந்த அறிவிப்பு வந்து 27 ஆண்டு கழித்து, ஆலப்புழை மாவட்டம் ஹரிப்பாட்டுக்கு அருகே, 96 வயது கார்த்தியாயனி அம்மா முதல் முறையாகத் தேர்வெழுத உட்கார்ந்தார். கோயில்களில் பெருக்கித் துடைத்தும் வீட்டுவேலை செய்தும் பிள்ளைகளை வளர்த்தவர். பள்ளிக்கூடமே போகாதவர். அவருடைய மகள் அறுபது வயதை ஒட்டிப் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வில் தேறினார். அதைப் பார்த்துத்தான் தாய்க்கு ஆசை வந்தது. நாம் தலைகீழாகவே பழகியிருக்கிறோம், தாயைப் பார்த்து மகள் என்று. கேரள எழுத்தறிவு இயக்கத்தின் 'அட்சரலட்சம்' தேர்வில் நூற்றுக்கு 98 வாங்கினார். தேர்வறையில் பக்கத்தில் இருந்த முதியவர் ஒருவர் அவருடைய தாளை எட்டிப் பார்க்கும் புகைப்படம் நாடெல்லாம் சுற்றியது. தேர்வறை எந்த வயதிலும் தேர்வறைதான் போலும். கணினி கற்க வேண்டும் என்று அவர் சொல்ல, அமைச்சர் ஒரு மடிக்கணினியைக் கொண்டுவந்து கொடுத்தார். 2020-ல் குடியரசுத் தலைவர் கையால் நாரீ சக்தி விருது கிடைத்தது. 2023 குடியரசு தின அணிவகுப்பில் கேரளத்தின் ஊர்தியில் அவருடைய உருவம் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில், 101 வயதில் இறந்தார்.

இந்தக் கதையைச் சொல்லி 'பார்த்தீர்களா, வயது ஒரு தடையே இல்லை' என்று முடிப்பது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் விஷயத்தில் தடையாக நின்றது வயதா? பத்து வயதில் அவரைப் பள்ளிக்கு அனுப்ப ஆளில்லை. இருபதில், முப்பதில், ஐம்பதில் துடைப்பத்தைக் கீழே வைக்க நேரமில்லை. தொண்ணூறு தாண்டித்தான் சாவகாசமாக உட்கார முடிந்தது. 98 மதிப்பெண்ணுக்குக் கைதட்டுகிற நாம் அதற்கு முந்தைய தொண்ணூற்றைந்து வருடத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஓய்வு பெற்றபின் கிடாரும் ஓவியமும் கற்றுக்கொள்பவரின் தயக்கம் வேறு. வாழ்நாள் முழுக்க மறுக்கப்பட்டதை முதுமையில் எடுத்துக்கொள்ள வருபவரின் தயக்கம் வேறு. முதலாமவருக்குப் பயம் போனால் போதும். இரண்டாமவருக்குச் சாயங்காலத்தில் இரண்டு மணி நேரமும் ஒரு கண்ணாடியும் வேண்டும்.

கண்ணாடி என்று சும்மா சொல்லவில்லை. நாற்பதைத் தாண்டினால் கிட்டப் பொருள் மங்குவது யாருக்கும் நடப்பது. முதியோர் வகுப்பில் எழுத்துத் தெரியவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு, 'எனக்கு மண்டையில ஏறாது' என்று நின்றுவிடுகிறவர்கள் உண்டு. ஏறாதது மண்டையில் இல்லை. மருந்துக்கடையிலும் பெட்டிக்கடையிலும் தொங்குகிற மலிவு விலைக் கண்ணாடி தீர்த்துவைக்கும் காரியத்தை நாம் மூளையின் குற்றம் என்று எழுதிவைக்கிறோம்.

மூளையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2008-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் ஆய்வாளர்கள் அறுபது வயதை ஒட்டியவர்களுக்கு மூன்று பந்துகளைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கும் வித்தையை மூன்று மாதம் பழக்கினார்கள். பழகியவர்களின் மூளையில், அசைவைக் கவனிக்கும் பகுதி பருத்திருப்பது ஸ்கேனில் தெரிந்தது. மூளை முதுமையிலும் வளைந்துகொடுக்கிறது. அதே ஆய்வில், முழுத்திறமை பெற்றவர்கள் இளைஞர்களைவிட மிகக் குறைவு என்பதும் தெரிந்தது. பயிற்சியை நிறுத்தியதும் பருத்த இடம் பழையபடி சுருங்கிவிட்டது. முதியவர்களிடம் இரண்டையும் மறைக்காமல் சொல்வதுதான் மரியாதை. மெதுவாகத்தான் வரும், விட்டால் போய்விடும். ஆனால் வரும். வண்டி பழகுவதையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஐம்பத்தைந்தைத் தாண்டியவருக்கு ஓட்டுநர் உரிமம் ஐந்து ஆண்டுகளுக்குத்தான். ஆனால் தர மாட்டேன் என்று சட்டம் சொல்லவில்லை. எலும்பு பலவீனமானவர் இரண்டு சக்கர வண்டி பழகுவதற்கு முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது கோழைத்தனமும் இல்லை.

*

ஆண்களைப் பற்றி இதுவரை அதிகம் பேசவில்லை. காரணம் இருக்கிறது. இந்த விஷயத்தில் அவர்கள் பாடுதான் கஷ்டம்.

முப்பது வருடம் 'சார்' என்று அழைக்கப்பட்டவருக்கு, இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் 'அங்கிள், கையை இப்படி வைங்க' என்பதைத் தாங்க முடிவதில்லை. தெரிந்தவராக இருந்தே பழகியவருக்குத் தெரியாதவராக நிற்பது அவமானமாகப் படுகிறது. பிரகாஷி தோமரிடம் போட்டியில் தோற்ற போலீஸ் உயரதிகாரி ஒருவர் அவரோடு மேடையில் நின்று படம் எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டதாக ஒரு செய்தி உண்டு. பெண்கள் ஆயுள் முழுக்கத் திட்டு வாங்கியே பழகியவர்கள். புதுமுக மாணவியாக நிற்பது அவர்களுக்கு அவ்வளவு பெரிய இறக்கமில்லை. ஓய்வுபெற்ற ஆணோ நடைப்பயிற்சிக் கூட்டத்தில் அரசியல் பேசுவதோடு நிறுத்திக்கொள்கிறார். அங்கே யாரும் அவரைத் திருத்தப்போவதில்லை.

விதிவிலக்குகளும் உண்டு. ஃபௌஜா சிங்கின் மகன் 1994-ல் பஞ்சாபில் ஒரு விபத்தில், தந்தையின் கண்ணெதிரே இறந்தான். அந்தத் துக்கத்தோடு லண்டனில் இன்னொரு மகனிடம் போய்ச் சேர்ந்த பெரியவர், வீட்டுக்குள் முடங்க முடியாமல் நடந்தார், பிறகு ஓடினார். ஹர்மந்தர் சிங் என்ற பயிற்சியாளர் கிடைத்தார். 2000-ல் 89 வயதில் லண்டன் மாரத்தான். 2011-ல் நூறு வயதில் டொராண்டோ மாரத்தானை எட்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்து முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் அதை ஏற்கவில்லை. 1911-ல் பஞ்சாப் கிராமத்தில் பிறந்தவரிடம் சான்றிதழ் கேட்டால் அவர் எங்கே போவார்? 2025 ஜூலையில் சொந்த ஊர்ச் சாலையில் வாகனம் மோதி இறந்தபோது அவருக்கு 114 வயது.

நம் பக்கத்தில் கி. ராஜநாராயணன். முப்பது வயதைத் தாண்டி எழுத வந்தவர். பள்ளிப் படிப்பை முடிக்காத அந்த இடைசெவல் விவசாயி, அறுபது கடந்தபின் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாட்டார் வழக்காற்றியல் பேராசிரியராகப் போய் அமர்ந்தார். பட்டம் வாங்கியவர்களுக்கு முன்னால் பட்டமில்லாமல் நிற்க அவர் கூசவில்லை. கரிசல் மண்ணின் சொற்கள் அவர்களைவிடத் தனக்கு அதிகம் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வயதானவர் புதிய இடத்துக்கு வெறுங்கையோடு போவதில்லை என்பதைப் பையன்கள் புரிந்துகொள்ளக் கொஞ்ச நாள் ஆகிறது.

சிரிப்பை ஒருவழியாகச் சமாளித்துவிடலாம். அதைவிடப் பெரிய எதிரி ஒன்று வீட்டுக்குள்ளேயே இருக்கிறது: உதவி. பாட்டி போனில் கரண்ட் பில் கட்டப் பழகுகிறார். மெதுவாக ஒவ்வொரு எண்ணாகத் தொடுகிறார். அதற்குள் பேரன், 'குடு பாட்டி, நான் பண்றேன்' என்று போனைப் பிடுங்கி மூன்று விநாடியில் முடித்துவிடுகிறான். நல்ல பிள்ளை. ஆனால் அடுத்த மாதமும் பாட்டி அவனுக்காகவே காத்திருப்பார். மூன்றாவது மாதம் 'எனக்கு இதெல்லாம் வராதுப்பா' என்று சொல்ல ஆரம்பிப்பார். துணை என்றால் பக்கத்தில் நின்று கையைக் கட்டிக்கொள்வது. அது பிடுங்கிச் செய்வதைவிடப் பலமடங்கு கடினம். சைக்கிளின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே ஓடி, ஒரு கட்டத்தில் சொல்லாமல் விட்டுவிடுவோமே, அந்தப் பொறுமையைக் குழந்தைகளுக்குக் கொடுக்கிறோம். பெற்றோருக்குத் தருவதில்லை.

மகாராஷ்டிரத்தின் தாணே மாவட்டத்தில் ஃபாங்கணே கிராமத்தில் 2016 மகளிர் தினத்தன்று பாட்டிகளுக்கென்றே ஒரு பள்ளி தொடங்கினார்கள். பெயரே 'பாட்டிகளின் பள்ளி'. புனித நூலை நாங்களே படிக்க வேண்டும் என்று ஊர்ப் பாட்டிகள் சொன்னதைக் கேட்டு, யோகேந்திர பாங்கர் என்ற ஆசிரியர் முன்னின்று தொடங்கியது. அறுபது முதல் தொண்ணூறு வரை வயதுள்ள மாணவிகள். சீருடை, இளஞ்சிவப்புப் புடவை. கணவனை இழந்தபின் நிறங்களை ஒதுக்கிவைத்த பெண்களுக்கு அந்தப் புடவையே முதல் பாடமாக இருந்திருக்கும். வீட்டுவேலை முடிந்து பிற்பகலில் இரண்டு மணி நேரம் வகுப்பு. தோளில் பை, கையில் சிலேட்டு. கொண்டுவந்து விடுவதற்குப் பேரப்பிள்ளைகள் கூட வருவதும் உண்டு.

அங்கே பாடம் நடத்தியவர் அந்த ஊர் மருமகள் ஒருவர். அவருடைய மாமியாரும் அதே வகுப்பில் மாணவி. காலையில் 'சோறு வெந்ததா?' என்று கேட்டவரைப் பிற்பகலில் 'எழுந்து நின்று ஒப்பியுங்கள்' என்று சொல்ல வேண்டும். வகுப்பு முடிந்து இருவரும் ஒரே வீட்டுக்குத் திரும்பியாக வேண்டும். வீட்டுப்பாடம் எழுதாமல் வருகிற மாமியாரை அந்த டீச்சர் என்ன செய்வார் என்று நேரில் போய்க் கேட்க எனக்கு ரொம்ப நாளாக ஆசை.